உன் பெயரில் என் இரத்தம்

மச்சான்,

இன்று காலை உன் மனைவி ஒரு காக்கி உறையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உன் டிரைவர் சட்டைகளுக்கு அடியில், பெட்டியில் கிடந்ததாம். இன்னும் அதில் டீசல் வாடை போகவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பிரிக்காமலே எனக்குத் தெரியும்.

"இன்னாண்ணே இது? நெஞ்சுநோவு வரும்னு சீட்டு குடுத்துகீறாங்க. இத்த வச்சிகினு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே. என்ன ஏமாத்திட்டாரா அந்த மனுசன்?" என்றாள். நீ செய்யாததற்குப் பழி உன் மேல் விழுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கம்பெனியில் மருத்துவ முகாம் என்று நோட்டீஸ் ஒட்டிய நாள் நினைவிருக்கிறதா? யாருக்கு மாரடைப்பு வரலாம், யாருக்குச் சர்க்கரை வரலாம் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வார்களாம். மாமல்லபுரத்திலிருந்து மறைமலைநகர் வரை கம்பெனி பஸ்ஸை ஓட்டிக்கொண்டே நீ வாயை மூடவில்லை. "சும்மா வந்து இடுப்ப அளப்பானுங்களா? செவப்பா ஏதாவது வந்துச்சின்னா ஸ்டேரிங்க புடுங்கிக்குவானுங்க மச்சான்." உனக்குப் பின்சீட்டில் இருந்த நான் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினேன். சீல் பிரிக்காத போல்ட் பெட்டியையே மூன்று முறை எண்ணுகிற ஸ்டோர்காரன் நான். பட்டியல் நேராக ஆபீசுக்குத்தான் போகும் என்று சத்தியம் செய்யாத குறை.

உன் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு முந்தின மாதம்தான் திருக்கழுக்குன்றம் மலையில் பாதிப் படியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாய். சட்டை முழுக்க வியர்வை. "வெயிலு" என்றாய். வெயிலே இல்லை.

திட்டம் போட்டவன் நான்தான். உனக்குத் தொப்பை, நான் முருங்கைக்காய்; எனக்கு என்ன வந்துவிடப் போகிறது? உன் அடையாள அட்டையில் போட்டோ வெளுத்துப்போய் மீசை மட்டும்தான் தெரிந்தது. வெளியூர் நர்ஸுகளுக்கு நம் இருவரையும் தெரியாது. உன் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, உன் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வரிசையில் நின்றேன். இடுப்பில் டேப் சுற்றினார்கள், பிரஷர் பார்த்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். "அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்திருக்கா?" என்று நர்ஸ் கேட்டபோது மட்டும் தடுமாறிவிட்டேன். உன் அப்பாவைச் சொல்வதா, என் அப்பாவைச் சொல்வதா? களத்தில் நெல் தூற்றிவிட்டு வந்து படுத்தவர் எழுந்திருக்கவேயில்லை என்று என் அப்பாவைச் சொல்லிவிட்டேன். இரண்டாவது முறை போனால் மாட்டிக்கொள்வேன் என்று என் பெயருக்கு நான் போகவேயில்லை.

உறை வந்த அன்று, செங்கல்பட்டு சிக்னலில் வண்டி நின்றபோது பிரித்தாய். முதலில் சிரித்தாய். பிறகு சிரிக்கவில்லை. "டேய் மச்சான், சக்கர, பிரஷரு, கொழுப்பு எல்லாம் ஏறிக்கினு கீது. ஒடனே டாக்டர பாக்கணும்னு போட்டுகீது. இது நானில்லடா, நீ!"

நான் நம்பவில்லை. மெஷின் கோளாறு, பாட்டில் மாறிவிட்டது, ஒல்லிக்கு ஏது கொழுப்பு என்று என்னென்னவோ சொன்னேன். அடுத்த லீவில் என் சட்டைக் காலரைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப் போனாய். அவரும் என் அப்பாவைப் பற்றித்தான் முதலில் கேட்டார். மறுபடி சோதித்தார். அதே கதைதான். அன்றிலிருந்து தினமும் பஸ் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கேட்பாய்: "மாத்திர போட்டியா? போட்டாதான் ஏத்துவேன்."

நீயும் ஒருமுறை பார்த்துக்கொள் என்றால், "எம்பேர்லதான் ஒரு சீட்டு கீதே, போதாது?" என்பாய். நானும் சிரித்துவிட்டு ஏறிவிடுவேன். ஆபீசில் அந்த உறையைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாருடைய ஸ்டேரிங்கையும் யாரும் பிடுங்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அது தெரிந்த பிறகாவது உன் காலரைப் பிடித்து நான் இழுத்திருக்க வேண்டும். இழுக்கவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்தக் கடைசி நாளில் கம்பெனி வாசலில் எல்லாரையும் இறக்கிவிட்டு, வண்டியை ஓரம் கட்டி, ஹேண்ட்பிரேக்கும் போட்டுவிட்டு ஸ்டேரிங்கில் தலை சாய்த்தாய். தூங்குகிறாய் என்று நினைத்து நான் உள்ளே போய்விட்டேன்.

இன்று உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காறித் துப்புவாள் என்றுதான் நினைத்தேன். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அவுருக்கு இன்னா இருந்துச்சின்னு யாருக்குமே தெரியாதாண்ணே?"

"தெரியாது தங்கச்சி."

எழுந்தாள். வாசல்வரை போனவள் நின்று திரும்பினாள். "இன்னிக்கு மாத்திர போட்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவளே சமையலறைக்குப் போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு வந்து, நான் விழுங்கும்வரை எதிரில் நின்றாள். உறையை என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.