வயிற்றுப்புண் என்று சொல்லிவிட்டாய்

என் அன்பு ஹேஜினுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத் தொடங்கியே பழகிய கை. இப்போது எதைக் கேட்டுத் தொடங்குவது என்று தெரியவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். நாளை மறுநாள், வியாழக்கிழமை, உன் அம்மாவை உன் டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்பாயிண்ட்மெண்ட் வாங்கியது நான் இல்லை, உன் அம்மாவேதான். ஆஸ்பத்திரிக்குத் தானே போன் போட்டு, லைனில் காத்திருந்து, உன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி வாங்கியிருக்கிறார். "ஐ நீட் டு டாக் டு த டாக்டர். தர்ஸ்டே இஸ் குட்." பேசியதை எனக்கு அப்படியே பேசிக் காட்டினார். முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. எல்லாம் நீ கற்றுக்கொடுத்த இங்கிலீஷ். உங்கள் கடையில் நான் டோனட் தட்டைப் பிடித்தபடி நின்றேன். தட்டு சாய்ந்து, மேலே தூவியிருந்த சர்க்கரை தரையில் கொட்டியது.

உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. உன் அம்மாவுக்கும் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் தமிழில் எழுதுகிறேன். ஈரோட்டில் எட்டாம் வகுப்புவரை படித்த தமிழ், பயத்தை எழுதப் போதும்.

பிப்ரவரியில் நீ போனாய். கடை ஒரு வாரம் மூடியிருந்தது, பிறகு திறந்துவிட்டது. உன் அம்மா இருட்டோடு எழுந்து மாவு பிசைகிறார், ஒரு மணிக்குக் கடையை மூடுகிறார். உங்கள் கொரியன் சர்ச்சில் இன்னும் அவரை ஹேஜின் அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்களாம். எங்கள் ஊரிலும் அப்படித்தான், பிள்ளை பெயர் வந்தபின் அம்மாவின் பெயர் காணாமல் போய்விடும். உன் அம்மாவின் பெயர் என்ன என்று நான் இதுவரை கேட்டதே இல்லை. வெறும் ஆண்ட்டிதான்.

நாம் பார்த்துக்கொண்ட முதல் நாள் நினைவிருக்கிறதா? தொண்ணூற்று மூன்று கோடை. நாங்கள் அமெரிக்காவுக்கு, இந்தப் பிளானோவுக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அப்பா ஆபீஸ் போய்விட்டால் நானும் அம்மாவும் அபார்ட்மெண்ட் ஜன்னல் வழியாகக் கார்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கீழ் வீட்டுக்கு நீயும் உன் அம்மாவும் மட்டும் குடிவந்தீர்கள். உன் அப்பா கொரியாவிலேயே வயிற்றில் புற்றுநோய் வந்து இறந்திருந்தார். படிக்கட்டில் என்னை நிறுத்தி, பெயரைக்கூடக் கேட்காமல் வயதைக் கேட்டாய். பதிமூன்று என்றேன்.

"எனக்குப் பதினாலு. அப்ப நான் உனக்கு ஒன்னி," என்றாய். ஒன்னி என்றால் அக்கா. மூத்தவள் யார் என்று தெரியாமல் உங்கள் ஊரில் இரண்டு பெண்கள் பேச்சைத் தொடங்கவே முடியாதாம். நாம் பேசியதெல்லாம் அரைகுறை இங்கிலீஷ்தான். ஆனால் இப்போது நினைக்கும்போது நீ என் வீட்டுத் தமிழிலேயே பேசுகிறாய்.

அந்த டிசம்பரிலேயே உன் குட்டு உடைந்துபோனது. பிறந்தநாள் என்று உன் அம்மா கடல்பாசி சூப் வைத்துக் கூப்பிட்டார். எத்தனை வயது என்று கேட்டால், ஸ்கூல் கணக்கில் இப்போதுதான் பதிமூன்று என்கிறாய். உங்கள் ஊரில் குழந்தை பிறக்கும்போதே ஒரு வயது, புது வருஷம் பிறந்தால் எல்லோருக்கும் இன்னும் ஒன்று. டிசம்பர் கடைசியில் பிறந்த நீ, தொட்டிலில் கிடக்கும்போதே இரண்டு வயதுக்காரி. பார்த்தால் நான்தான் உனக்கு ஏழு மாதம் மூத்தவள்.

"அதெல்லாம் முடியாது. கூப்பிட்டாச்சு இல்ல? ஒரு தடவை ஒன்னின்னு கூப்பிட்டா வாபஸ் கிடையாது," என்றாய்.

நானும் வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது சௌகரியமாக இருந்தது. நாய் வந்தால் நீ முன்னால் நின்றாய். கேஃபடீரியாவில் தட்டோடு எங்கே உட்காருவது என்று நான் முழித்தால், நீ இடம் பிடித்து வைத்திருப்பாய். லைசென்ஸ் வாங்கிய பிறகும் ஃப்ரீவேயில் ஏறப் பயந்து நான் சர்வீஸ் ரோட்டிலேயே ஊர்ந்துபோவேன். பக்கத்து சீட்டில் நீ தலையில் அடித்துக்கொள்வாய். தங்கச்சியாக இருப்பது எவ்வளவு சுகம் தெரியுமா? உனக்குத் தெரியாது. நீ ஒரு நாள்கூட இருந்ததில்லையே.

உனக்குப் பயமே கிடையாது என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஸ்கூலில் நீ ஜீன், சத்தமாகச் சிரிப்பவள். சர்ச்சில் ஹேஜின், தரையைப் பார்த்துப் பேசுபவள். ஸ்கூலில் உன்னைச் சைனாவா ஜப்பானா என்று கேட்டார்கள். சர்ச்சில், இந்தப் பெண் கொரியன் பேசுவதே அமெரிக்காக்காரி பேசுவதுபோல இருக்கிறது என்றார்கள். "ரெண்டு இடத்துலயும் நான் விருந்தாளிதான். விருந்தாளி முகத்தைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது," என்று ஒருமுறை சொன்னாய். அப்போது சிரித்தேன். அதற்கும் பயம் என்றுதான் பெயர் என்று இப்போது தோன்றுகிறது.

பன்னிரண்டு வயதிலிருந்து உன் அம்மாவின் வாய் நீதான். பேங்க், லைட் பில், வீட்டுக்காரர், மாவு சப்ளை செய்பவர், எல்லோரிடமும் நீ பேசினாய். பேசியதில் பாதியை வடிகட்டித்தான் அம்மாவிடம் கொடுப்பாய். ஒரு சனிக்கிழமை ஒருவன் காபிக் கோப்பையைக் கவுண்டரில் அடித்து வைத்து, உங்கள் ஊருக்கே திரும்பிப் போங்கள் என்று கத்திவிட்டுப் போனான். என்ன சொன்னான் என்று அம்மா கேட்டார். காபி ரொம்பச் சூடாக இருக்கிறதாம் என்றாய். மறுநாளிலிருந்து பாவம் உன் அம்மா எல்லோருக்கும் காபியை ஆறவைத்துக் கொடுத்தார். அதற்கு நாம் எவ்வளவு சிரித்தோம்.

போன ஆகஸ்டில் டாக்டரிடம் துணைக்கு வா என்று நீ கூப்பிட்டபோதே நான் பயந்திருக்க வேண்டும். துணைக்கு ஆள் கூப்பிடுகிற பெண்ணா நீ?

சின்ன அறை. நீ, உன் அம்மா, நான். டாக்டர் நல்ல மனிதர். கொரியன் தெரிந்த இன்டர்பிரட்டரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். "நான்தான் இன்டர்பிரட்டர்," என்றாய். அவர் மெதுவாகச் சொன்னார். உனக்கு வயிற்றில் புற்றுநோய். ஈரல்வரை பரவிவிட்டது. குணமாக்க வழியில்லை, ஆனால் மருந்து ஏற்றினால் சில மாதங்கள் கூடக் கிடைக்கலாம். லைட் கம்பெனிக்காரர் பேசுவதைக் கேட்பதுபோல நீ தலையாட்டிக் கேட்டுக்கொண்டாய். பிறகு அம்மா பக்கம் திரும்பினாய்.

எனக்குத் தெரிந்தது உங்கள் கடையில் நின்று பொறுக்கிய கொரியன்தான். அதில் மூன்று வார்த்தை பிடிபட்டது. வயிறு. புண். காரம். உன் அம்மா நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சுவிட்டார். எழுந்து நின்று டாக்டருக்குக் குனிந்து வணக்கம் சொன்னார், சிரித்த முகத்தோடு. டாக்டர் குழம்பிப்போய், அம்மாவுக்குப் புரிந்ததா என்று கேட்டார். "புரிஞ்சுது," என்றாய். மருந்து வேண்டாம், யோசித்துத்தான் சொல்கிறேன் என்றும் அதே மூச்சில் சொன்னாய். அத்தனை இங்கிலீஷும் உன் அம்மாவின் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. 

பார்க்கிங்கில் அம்மாவைக் காரில் உட்காரவைத்துவிட்டு என் கையைப் பிடித்தாய். "அப்பா சாகறத அம்மா ஒரு தடவை பாத்துட்டாங்க. தெரிஞ்சே ரெண்டாவது தடவை பாக்க வேணாம். ஒன்னி சொல்றேன், நீ வாயத் திறக்கக் கூடாது."

நான் திறக்கவில்லை. ஒன்னி சொல்லிவிட்டாயே.

அதற்குப் பின் வந்த மாதங்களை என்னவென்று சொல்வது? வயிற்றுப்புண்ணுக்கு நல்லது என்று உன் அம்மா மிளகாய் போடாமல் கோஸை ஊறவைத்து வெள்ளைக் கிம்ச்சி செய்தார், அரிசிக் கஞ்சி காய்ச்சினார். என் அம்மா தன் பங்குக்குத் தினமும் மோர் சாதம் கொடுத்தனுப்பினாள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, உனக்குத் தெரிந்த ஒரே தமிழில் "போதும் ஆண்ட்டி" என்பாய். இரண்டு அம்மாக்களும் சேர்ந்து உன் புண்ணை ஆற்றிக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடை மூடிய பிறகு மூலை மேசையில் நீ பாடம் ஆரம்பித்தாய். நீ மாவு கம்பெனிக்காரர், அம்மா போனில் ஆர்டர் கொடுக்க வேண்டும். வேண்டுமென்றே வேகவேகமாகப் பேசுவாய். பிறகு லைட் கம்பெனி. பிறகு சண்டை பிடிக்கும் கஸ்டமர். "ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி" என்று அம்மா சரியாகச் சொல்லும்வரை விடமாட்டாய். நீ ஆஸ்டினுக்குப் படிக்கப் போகப்போகிறாய், அதற்குத்தான் தன்னைப் பழக்குகிறாய் என்று உன் அம்மா நினைத்தார். எங்கள் வீட்டுக்கு வந்து, "ஹேஜின் கோ ஆஸ்டின். ஐ லேர்ன்," என்று என் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன்.

கடைசி வாரத்தில் ஆஸ்பத்திரியில் உன் அம்மாவிடம் யார் எதைச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. புண் வெடித்துவிட்டது என்றே அவர் நம்பியிருந்தார். எங்கே கேள்விப்பட்டாளோ, துக்கம் கேட்க வந்த சர்ச் அம்மாள் ஒருத்தி, "அவ அப்பாவுக்கு வந்த அதே வியாதி" என்று அழுதாளாம். அப்போதுதான் உன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

போன வாரம் என்னைக் கடையில் உட்காரவைத்துக் கேட்டார். "சுகன்யா. தட் டே, ஹேஜின் நோ? மெடிசின், தேர் வாஸ்? யூ இன் த ரூம்."

அன்றைக்கே உனக்குத் தெரியுமா, மருந்து இருந்ததா என்று கேட்கிறார். எனக்கு ஞாபகமில்லை ஆண்ட்டி என்றேன். உன் அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து மேசையைத் துடைத்தார்.

"ஓகே. டாக்டர் ரிமெம்பர். யூ கம் வித் மீ."

இப்போது புரிகிறதா என் பயம்? டாக்டர் சொல்லப்போகிறார். அந்த இங்கிலீஷ் இனி உன் அம்மாவின் தலைக்கு மேலே போகாது, நீ அப்படிப் பழக்கிவிட்டிருக்கிறாய். மகளுக்கு அன்றைக்கே தெரியும். மருந்தை வேண்டாம் என்று சொன்னது அவளேதான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட இந்தப் பெண் அதற்குப் பிறகும் தினமும் வந்து டோனட் வாங்கித் தின்றிருக்கிறாள். இத்தனையையும் அவர் ஒரே நேரத்தில் கேட்கப்போகிறார். நீ போய்விட்டாய். உன் அம்மாவும் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டால் நான் எங்கே போவேன்?

நேற்றுத்தான் என் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள்.

"நீ ஏன்டி நடுவுல போற? அன்னிக்குக் காய்ச்சல்னு சொல்லிடு. அப்பா கூட்டிட்டுப் போகட்டும்."

"அப்பா அந்த ரூம்ல இல்லையேம்மா."

மோர்ப் பாத்திரத்தை மூடி வைத்தாள். "அத்தன மாசம் என் மோர் சாதத்தத் தின்னாளே அந்தப் பொண்ணு. எப்படித்தான் மனசுல வெச்சுக்கிட்டு இருந்தாளோ." பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள். "உனக்கு ஒண்ணுன்னா எங்கிட்ட சொல்லுவியா, மாட்டியா?"

நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்ன கஷ்டமா இருந்தாலும் சொல்லிடு சுகு. தெரியாம சிரிச்சிட்டு இருந்தேனேன்னு பின்னாடி நெனைக்க வெச்சுடாத."

ஹேஜின், டாக்டருக்குக் குனிந்து நன்றி சொன்ன உன் அம்மாவின் முகம் அப்போது என் கண்முன்னால் வந்து நின்றது. நீ அவர் நல்லதுக்குத்தான் செய்தாய், எனக்குத் தெரியும். ஆனால் உன்னை மடியில் போட்டுக்கொண்டு அழ அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய மாதங்களில், அவர் உனக்குக் காரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தார். அது சரியா? கேட்டால் நீ ஏதாவது பதில் வைத்திருப்பாய். கேட்க முடியவில்லையே.

அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன். வியாழக்கிழமைவரை விடமாட்டேன். டாக்டரின் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து உன் அம்மா இதை முதன்முதலாகக் கேட்கக் கூடாது. நாளை மதியம் கடை மூடியதும், நீ பாடம் நடத்திய அதே மூலை மேசையில் உட்காரவைத்து நானே சொல்லப்போகிறேன். வடிகட்ட மாட்டேன். அந்த அறையில் நீ சொன்னதையும் சொல்வேன், சொல்லாமல் விட்டதையும் சொல்வேன். ஞாபகமில்லை என்றது பொய் என்றும் சொல்வேன். எல்லாம் சொன்ன பிறகு இதையும் சொல்வேன். ஆண்ட்டி, அவள் ஆஸ்டினுக்குப் போவதற்காக உங்களைப் பழக்கவில்லை. தான் இல்லாத கடையில் நீங்கள் தனியாக நிற்க வேண்டுமே என்று பழக்கினாள். மருந்துக்குக் கொடுக்காத மாதங்களை எல்லாம் அந்த மேசைக்குக் கொடுத்தாள்.

உனக்குக் கோபம் வரும். ஒன்னி சொன்னால் தங்கச்சி வாயைத் திறக்கக் கூடாது என்பாய். ஆனால் ஒன்று பார். அடுத்த மாதம் எனக்கு இருபத்தொன்று. நீ இருபதிலேயே நின்றுவிட்டாய். ஜனவரி வந்தால் உங்கள் ஊர்க் கணக்கிலும் உன்னைத் தாண்டிவிடுவேன். இனி எந்த ஊர்க் கணக்கிலும் உன்னால் என்னைப் பிடிக்க முடியாது.

ஆகையால் இந்த ஒரு தடவை நான் சொல்வதை நீ கேள். இத்தனை வருஷம் உன் அம்மாவுக்காக நீ பேசியது போதும். நாளைக்கு நான் பேசுகிறேன். அவர் என்னை வெளியே போ என்றால், வாசலில் காரில் உட்கார்ந்திருப்பேன். வியாழக்கிழமை அவரை யாராவது கூட்டிக்கொண்டு போக வேண்டுமே. நீ சும்மா இரு. பயப்படுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், அதில்தான் எனக்கு நல்ல பழக்கம்.

உன் அக்கா,
சுகன்யா