பட்டியின் வாய் மேலே

நவம்பர் 10, 2025

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். எங்கள் தோல் பர்ஸ் பட்டறையில் கூட வேலை செய்யும் சைனப் ஒரு கிண்டல் சொன்னாள். "நம்ம சேட் சிரிச்சா ஷட்டர் தொறக்குற மாதிரி, பாதியிலயே சிக்கிக்கிடும்." கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அவள் முழித்தாள். "லாத்தா, இது நீங்க சொன்னதுதான. மூணு வருஷமா நீங்கதான் சொல்லுதீங்க."

நவம்பர் 12

இந்த நோட்டு, ஆஸ்பத்திரியில் சின்ன டாக்டரம்மா எழுதச் சொன்னது. மார்பு கேன்சருக்குக் கொடுத்த கீமோ மருந்து சில பேருக்கு ஞாபகத்தையும் குறைக்குமாம். மெல்லச் சரியாகலாமாம். பெரிய டாக்டர் ரிப்போர்ட்டை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "சப் கிளீன் ஹை, டென்ஷன் மத் லோ." எல்லாம் சுத்தமாம், கவலைப்படக் கூடாதாம். ஆமா, கிளீன்தான். ஒரு பக்கம் மார்பே இல்லை, மண்டையும் கிளீன்.

நான் நாலாம் கிளாஸ். எழுத்துப் பிழை இருந்தால் மருந்து மேல் பழி.

நவம்பர் 19

அறுபது பர்ஸ். கார்டு வைக்கிற பட்டியைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன், வாய் கீழே பார்க்க. கார்டைச் சொருகினால் காலில் விழும். பதினெட்டு வருஷமாக இதே மேசை, இதே சொல்யூஷன் பசை டப்பா. சைனபுக்கு ஒட்டக் கற்றுக்கொடுத்ததே நான்.

முதலாளி சலாவுதீன் சேட் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் கொடுத்திருப்பேன். கொடுத்திருப்பேனா? இப்போதெல்லாம் பதில் வாய்க்கு வருவதற்குள் ஆள் வீடு போய்ச் சேர்ந்துவிடுகிறார். "கொஞ்ச நாளைக்கு நூல் வெட்டுங்க லாத்தா" என்றார். நூல் வெட்டுவது புதுசாக வருகிற பிள்ளைகள் வேலை.

என் இடத்தில் சைனப்.

நவம்பர் 20

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "முன்னாடி மட்டும் என்ன? பாலை அடுப்புல வச்சிட்டு வாசல்ல கதை பேசுனவதான நீ" என்றார். முடி கொட்டுனப்ப இதே மனுசன்தான் உக்காந்து அழுதாரு. தெருவே வந்து பாத்துச்சு. ஞாபகம் கொட்டுறது யாரு கண்ணுக்குத் தெரியுது? முக்காடு போட்டு மூடவும் முடியல.

டிசம்பர் 3

போன ரமலானில் கீமோவால் விட்ட நோன்புகளை இப்போது பிடிக்கிறேன். மதியம் சைனப் நீட்டிய வடாபாவை முழுசாகத் தின்ற பிறகுதான், நோன்பு என்று ஞாபகம் வந்தது. மறந்து தின்றால் நோன்பு முறியாது. மறதிக்கு மன்னிப்பு அல்லாவிடம் இருக்கிறது. பட்டறையில் இல்லை.

டிசம்பர் 22

சேட்டிடம் நானே கேட்டேன். "ஒரே ஒரு லாட் கொடுங்க. தப்பாச்சுன்னா நூல் வெட்டியே மவுத்தாப் போறேன்."

பாதி ஷட்டர் திறந்தது. "ஜனவரியில பாப்போம் லாத்தா."

ஜனவரி 6, 2026

ஒரு சீட்டில் எழுதிக்கொண்டேன். லைனிங் ஒட்டு. காய விடு. பட்டி வை. வாய் மேலே. மடி. கை தானாகச் செய்த வேலை இது — வழியெல்லாம் வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டு போகிறேன்.

ஜனவரி 8

சேட் கொடுத்த லாட், நாற்பது பர்ஸ். ஒவ்வொன்றுக்கும் சீட்டைப் பார்த்துப் பார்த்து ஒட்டினேன். கடைசிப் பத்துக்குப் பார்த்த ஞாபகம் இல்லை. கைக்குத் தானாக வந்ததா, பார்த்ததை மறந்தேனா, தெரியவில்லை.

சேட் ஒவ்வொன்றிலும் கார்டைச் சொருகினார். ஒன்றும் விழவில்லை. "சுத்தமா இருக்கு லாத்தா. ஆனா இந்நேரத்துக்கு சைனப் நூறு முடிச்சிருவா."

கத்தரிக்கோலை சைனபே கொண்டுவந்து கொடுத்தாள், என் முகத்தைப் பார்க்காமல். அவளைச் சிரிக்க வைக்க ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. நூல் வெட்ட உட்கார்ந்தேன்.

ஜனவரி 9

சீட்டைக் காணவில்லை. பையில் இல்லை, மேசைக்குக் கீழும் இல்லை. ஏதோ ஒரு பர்ஸில் தோலுக்கும் லைனிங்குக்கும் நடுவே ஒட்டிப் போயிருக்க வேண்டும். எந்தப் பர்ஸ் என்று தெரியவில்லை. தையல் முடிந்து நாற்பதும் காலையிலேயே டெம்போவில் போய்விட்டன.