கிழக்குப் பக்கம் மட்டும்

மேனாம்பேடு, அம்பத்தூர்
டிசம்பர் 9

அன்புள்ள அருள்மொழிக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம், இடது முழங்கால் மட்டும் இதற்கு உடன்படுவதில்லை. நீயும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். நீ அனுப்பிய படப் புத்தகம் வந்தது. அலைபோல் வளைந்த கூரை, திருகிக்கொண்டு ஏறும் கான்கிரீட் படிக்கட்டு, எல்லாவற்றையும் இருமுறை பார்த்தேன். கட்டியவை என்று தோன்றவில்லை, யாரோ கையால் பிசைந்து நிறுத்தியவைபோல் இருக்கின்றன, நன்றாக எடுத்திருக்கிறாய். ஆனால் ஒன்றிலும் ஓர் ஆள் இல்லை. மனிதர்கள் விலகும்வரை நான்கு மணி நேரம்கூடக் காத்திருப்பேன் என்று முன்னுரையில் எழுதியிருக்கிறாய். நம் வீட்டில் அந்தச் சிரமம் இராது, எந்நேரம் எடுத்தாலும் ஆளில்லாத படம்தான் கிடைக்கும்.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். ஆறு ஆண்டுகளாக வராத நீ, நம் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியைப் படமெடுக்கத் தை மாதம் வருவதாக எழுதினாய். காற்றில் மேல்நோக்கி மடிந்த குடைபோன்ற அந்தத் தொட்டி, பூச்சில்லாமல், கான்கிரீட் வார்த்தபோது அடித்த பலகைகளின் அச்சுத் தெரிய நிற்பதுதான் அழகு என்றாய். அதைக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் மணவாளனிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியதில்லை, பேச ஆள் கிடைத்ததும் சற்று அதிகமாகப் பேசிவிட்டேன். வெளிநாட்டுப் புத்தகத்தில் நம் தொட்டி அழுக்காகத் தெரிவதா என்று அவர் சங்கத்தைக் கூட்டி, உடம்புக்கு இளநீலமும் விளிம்புக்கு ரோஸ் நிறமும் அடிக்க ஏற்பாடு செய்துவிட்டார். செவ்வாய்க்கிழமை நான் போய்ப் பார்த்தபோது முக்கால் பங்கு முடிந்திருந்தது. சாரத்தின்மேல் நின்ற பெயின்டர் துலுக்கானத்தை இறங்கச் சொன்னேன். "இன்னாம்மா, உங்க பொண்ணு போட்டோ புடிக்க வருதுன்னுதானே மேக்கப் போட்டுகினு கீறோம், நீங்களே வாணாங்கிறீங்க" என்று அவர் வருத்தப்பட்டார். நான் ஒரு நாற்காலியை வரவழைத்துச் சாரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன். மதியம்வரை எழவில்லை. பிறகு அவர் பிரஷைக் கழுவி வைத்துவிட்டார். மணவாளன் இப்போது என்னோடு பேசுவதில்லை. பேச இருந்தவர் அவர் ஒருவர்தான்.

கிழக்குப் பக்கம் மட்டும் தப்பியது. நான்கு நாட்களாகக் காலையில் போய் உட்கார்ந்து பார்க்கிறேன். ஆறு ஐம்பதிலிருந்து ஏழரை வரை வெயில் தாழ்வாக விழுந்து பலகைக் கோடுகள் ஒவ்வொன்றும் தெரிகின்றன. அதன்பின் தொட்டியின் அடிப்பகுதி தன் நிழலிலேயே மறைந்துவிடுகிறது. இதையெல்லாம் எழுதாமல் மறைத்து, நீ வந்து இறங்கிய பிறகு காட்டியிருக்கலாம். இரண்டு நாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். உன்னை ஏமாற்றி வரவழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தக் கால் பங்கு போதுமென்றால் வா. போதாதென்றால், டிக்கெட்டை ரத்து செய்யுமுன் இன்னொரு முறை யோசி.

வெறும் வயிற்றோடு வெயிலிலும் குளிரிலும் காத்து நிற்காதே. எடுத்த வேலை உன் கைக்கு வசப்படட்டும், நீண்ட நாள் நன்றாயிரு. ஒன்று மறந்தேன், நாற்காலி இன்னும் தொட்டியடியில்தான் இருக்கிறது. படத்துக்கு இடைஞ்சல் என்றால் சொல், எழுந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சாமுண்டீஸ்வரி