ஜுரம் இல்லாத ஞாயிறு

ஞாயிறு, இரவு ஒன்பதரை.

காலையில் சித்தூர் நாத்தனார் ரயிலிலிருந்து போன் செய்தார். "பாகாலா தாண்டிட்டோம். அஞ்சு பேரு. குளிச்சி, துன்னுட்டு மலைக்குப் போறோம்."

திருப்பதியில் வீடு இருந்தால் ஞாயிற்றுக்கிழமை நம்முடையதல்ல. ரேணிகுண்டா கம்பெனியில் ஆறு நாளும் நின்றபடி வேலை. ஏழாவது நாள் யாருக்காவது இட்லி. முடியாதபோது ஜுரம் என்று பொய் சொல்வேன். இன்று சொல்லவில்லை.

"வாங்க அண்ணி. மாவு ஃபிரிட்ஜ்ல இருக்குது, தோசை ஊத்திக்குங்க. நான் இன்னிக்கி தூங்கப் போறேன்."

"உடம்புக்கு என்னா? ஜுரமா?"

"ஒன்னுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்."

அவர்கள் வந்ததும் கதவைத் திறந்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டேன். சமையலறையில் தட்டுகள் கொஞ்சம் பலமாகவே விழுந்தன. எழவில்லை. பதினொரு மணிக்கு எழுந்து, நிதானமாக எண்ணெய் தேய்த்துக் குளித்தேன்.

மாமியாருக்கு இந்நேரம் சேதி போயிருக்கும். போகட்டும்.

மலையிலிருந்து திரும்பி, லட்டு கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். மற்றவர்கள் ஆட்டோவில் ஏறும் வரை நாத்தனார் வாசலிலேயே நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நெஜமாவே ஜுரம் இல்லாமயா தூங்கின?"

"ஆமா அண்ணி."

"எப்டி இருந்துச்சி?"