திருவிடந்தை ராஜாவின் முறை

மச்சான்,

ஃபோனில் இடமில்லை என்று நேற்றிலிருந்து ஒரே நச்சரிப்பு. எதையாவது அழிக்கலாமென்று இன்று காலை கம்பெனி பஸ்ஸில் தேடிக்கொண்டிருந்தபோது, நம் பல்லவர் விளையாட்டைத் தெரியாமல் தொட்டுவிட்டேன். நாலு மாதம் கழித்துத் திறந்ததும் திரையில் வந்தது: 'அடுத்த முறை: திருவிடந்தை ராஜா. ஃபோனை அவரிடம் கொடுக்கவும்.'

கொடுக்கவாம். எங்கே வந்து கொடுப்பது?

நான் மாமல்லபுரத்தில் ஏறுவேன், நீ திருவிடந்தையில். மறைமலைநகர் தொழிற்சாலை வாசல் வரை ஒரே ஃபோனில் இரண்டு பேரரசுகள். ஒரு நிறுத்தத்துக்கு ஒருவர் முறை என்பது நம் சட்டம். நான் சாளுக்கியன், நீ பல்லவன். காஞ்சியில் தலைநகரம் அமைக்கச் சொல்லி விளையாட்டே அம்புக்குறி போட்டுக் காட்டியது. நீ கேட்டாயா? குடிமக்களை மூட்டை கட்ட வைத்து, ஏழு முறைகளை வீணாக்கி, கடற்கரைக்கு நடத்திக்கொண்டு வந்தாய்.

"காஞ்சிபுரத்துல கடலு கீதா மச்சான்? மீனுக்கு எங்க போறது?"

உன் வீடு இருக்கும் இடம் என்று நீ சத்தியம் செய்த மணல்மேட்டில் தலைநகரம் எழுந்தது. மதில் கட்டித் தொலை என்று எதிரியான நானே கெஞ்சினேன். நீயோ ஒரு பாறையில் கோயிலைத் தொடங்குவாய், பாதியில் விட்டு அடுத்த பாறைக்குப் போவாய். கேட்டால், "மாமல்லபுரத்துக்காரன் நீ கேக்கற கேள்வியா இது? அங்க எத முடிச்சி வெச்சிக்கிறாங்க?" என்பாய். ஆனாலும் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயித்தது நீதான். என் யானைப்படை நெருங்கும்போதெல்லாம் புயல் வரும். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஒருநாள் கேளம்பாக்கம் நெரிசலில் நீ வாய் திறந்து தூங்கினாய். உன் முறையையும் நானே ஆடிவிட்டேன். விழித்துப் பார்த்ததும், பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாய்.

"என் முறைய நீ ஆடறதுக்கு நான் இன்னா செத்தா பூட்டேன்?"

மூன்று நாள் பின்சீட்டில் வந்தாய். நாலாம் நாள் நீயாகவே பக்கத்தில் உட்கார்ந்து ஃபோனைப் பிடுங்கினாய்.

பிறகு ஒரு திங்கட்கிழமை நிறுத்தத்தில் நீ இல்லை. நெஞ்சுவலி என்றார்கள்.

சனிக்கிழமை விட்ட இடத்திலேயே ஆட்டம் நிற்கிறது. மதிலில்லாத உன் ஊரைச் சுற்றி என் யானைகள். புயல் இல்லை. உன் முறையை ஒரு அழுத்து அழுத்திக் கடந்தால் அடுத்ததில் முதல்முறையாக நான் ஜெயிப்பேன். இரண்டு நிறுத்தங்கள் கட்டைவிரலைத் திரைக்கு மேலேயே வைத்திருந்தேன். கத்துவதற்கு நீ இல்லை என்பதுதான் தாங்கவில்லை.

திருவிடந்தையில் பஸ் நின்றது. உன் முறையை நீ ஆடுவதுபோலவே ஆடினேன். மதிலை மறந்துவிட்டு, இன்னொரு பாறையில் இன்னொரு கோயிலைத் தொடங்கினேன். அடுத்து என் முறை. யானைகளை வாதாபிக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். போய்ச்சேர ஒன்பது முறையாவது ஆகும். ஃபோனில் இடத்துக்காக மச்சினன் கல்யாண வீடியோவை அழித்தேன். வீட்டில் இன்று எனக்குப் போர்தான்.

திரை மறுபடியும் உன்னிடம் கொடுக்கச் சொன்னது. ஃபோனை ஜன்னலோரம் உன் சீட்டில் வைத்தேன். கோவளத்தில் ஏறியவர் அதைப் பார்த்துக் கேட்டார்.

"இங்க ஆள் கீதாண்ணா?"

"கீது," என்றேன். "அடுத்த ஸ்டாப்பு வரைக்கும் அவன் முறை."