உன் மேசைக்குப் பின்னால் ஒரு மணித்தியாலம்

இன்று காலை குளிர்க்கோட்டை வெளியே எடுத்தேன். வலப்பக்கப் பையில் சூரியகாந்தி விதைக் கோதுகள். விரலை நக்கிப் பார்த்தேன். உப்பு இன்னும் போகவில்லை.

நீ கொறித்தவை. கடதாசிக் கோப்பை நிரம்பிவிட்டால் என் பைக்குள் போடுவாய். உனக்கும் கோட்டில் பை இருந்தது.

போன மாசியில் கழற்றி வைத்த கோட்டு இது. மிச்சக் குளிரை அண்ணையின் பழைய கோட்டில் ஓட்டினேன்.

நாம் கதைத்தது ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும். நினைவில் மட்டும் நீ தமிழில் கதைக்கிறாய், அதுவும் என் அம்மாவின் யாழ்ப்பாணத் தமிழில். திருத்த மனம் வரவில்லை. அப்படியே எழுதுகிறேன்.

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில் எங்கள் வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே நான்கு தெரு. டவுன்டவுனுக்கு ஒரே பேருந்து. அதில்தான் சிநேகமானோம். உன் அப்பா கசாபிளாங்காவிலிருந்து ஏழு வயதில் ஒரு பெட்டியோடு கிளம்பியவர். என் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் உரப்பையோடு. யாருடைய சாமான் குறைவு என்று போட்டி போடுவோம். தோற்கும்போது நீ சொல்வாய்: "பெட்டிக்குப் பூட்டும் இல்லையடி."

செவ்வாய்க்கிழமைகளில் பல்கலைக்கழக முன்கூடத்தில் யூத மாணவர்களின் மேசை. நீதான் விரிப்பாய், நீதான் மடிப்பாய். நீல வெள்ளைத் துணி. துண்டுப் பிரசுரங்கள். விதைப் பொட்டலம். 'சியோனிசம் பற்றி என்னைக் கேளுங்கள்' என்று உன் கோணல் எழுத்தில் ஓர் அட்டை. கேட்க வந்தவர்களைவிடக் கத்த வந்தவர்கள் அதிகம்.

"உனக்கு ஏன் இந்தச் சில்லெடுப்பு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"துரத்தினால் போய்க் கதவைத் தட்ட எங்கட ஆக்களுக்கு ஒரு இடம் வேணும். உன்ர அம்மாட்டக் கேள், விளங்கும்."

கேட்டேன். மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. "ஓம், அது விளங்குது. அங்க முந்தியே இருந்த ஆக்களின்ர கதவு என்ன மாதிரி? அதையும் கேட்டுக்கொண்டு வா."

மறுநாள் பேருந்தில் உன்னிடம் அதைச் சொன்னேன். கையிலிருந்த கோதை என் பைக்குள் போட்டாய்.

"ஞாயிற்றுக்கிழமை வந்து இதையே என்ர பிள்ளையளிட்டக் கேள்."

உன் பிள்ளைகள் என்றால், சமூக மண்டபத்தில் ஞாயிறுதோறும் நீ கூட்டிவைத்த பதினேழு, பதினெட்டு வயதுக்காரர்கள். அடுத்த ஆண்டு பல்கலைக்கழகம் வரப்போகிறவர்கள். அந்த முன்கூடத்தில் நடுங்காமல் நிற்க அவர்களைப் பழக்கினாய். எதிர்க் கதிரையில் ஒருவர் இருந்து வெட்டிக் கேட்பார். பதில் சொல்கிறவர் அந்தக் கேள்வியை முதலில் தன் வாயால் முழுதாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். உன் ஒரே சட்டம் அது. அவர்களுக்குள் எல்லோரும் மச்சான், மச்சாள். எதிராளியாக நடித்தால் சிரித்துவிடுவார்கள். அதனால் என்னைப் பிடித்தாய்.

அம்மாவின் கேள்வியைக் கேட்டேன். பல்லுக்குக் கம்பி போட்ட ஒரு பெண் பிரசுரத்தை மனப்பாடமாக ஒப்பிக்கத் தொடங்கினாள்.

"முதல்ல அவள் கேட்டதைத் திருப்பிச் சொல்லு," என்றாய்.

"அங்க முந்தியே இருந்த ஆக்களின்ர கதவு..." அவள் குரல் இறங்கியது. "எனக்குப் பதில் தெரியேல்லை."

"நல்லது. தெரியேல்லை எண்டும் சொல்லலாம். எங்களுக்கு ஒரு வீடு வேணும் எண்டதும் உண்மை, இந்தக் கேள்வியும் உண்மை. எழும்பி ஓடாமல் இருந்தால் போதும்."

திரும்பும் வழியில் என்னைப் பார்த்துச் சிரித்தாய். "நல்லா வெருட்டுறாய். செவ்வாய்க்கிழமை ஒரு மணித்தியாலம் மேசையில என்னோட இரன். ஒண்டும் கதைக்க வேண்டாம்."

"ஓம்," என்றேன்.

அந்தச் செவ்வாய். படியிறங்கி வந்தேன். மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர். அதில் இருவர் என் வகுப்பு. உன் அட்டை குப்புறக் கிடந்தது. ஒருவன் கத்த, அவன் கத்தியதை நீ நிதானமாக அவனுக்கே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாய். இடையில் என்னைக் கண்டாய். கூப்பிடவில்லை. பக்கத்துக் கதிரையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துவிட்டாய். நான் இருப்பதற்கு.

ஃபோனை எடுத்துக் காதில் வைத்தேன். யாரும் அழைக்கவில்லை. கதைத்துக்கொண்டே மெட்ரோவுக்கு நடந்தேன்.

மாலையில் அதே பேருந்து.

"ஆரடி ஃபோனில அந்தப் பெரிய மனுசர்?"

"அம்மா."

"நான் சுகம் கேட்டனான் எண்டு சொல்லு." விதைப் பொட்டலத்தை நீட்டினாய். எடுத்தேன். உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை உன் குறுஞ்செய்தி: வாற செவ்வாய்? நான் எழுதியது ஒரே சொல். பேந்து. 'பிறகு' என்பதற்கு என் அம்மாவிடமிருந்து நீ பழகியிருந்த சொல்.

ஞாயிறு காலை, புவாண்ட்-கிளேர் தாண்டி, உன் கார் பனியில் சறுக்கியது. பிள்ளைகள் மண்டபத்தில் காத்திருந்தார்களாம்.

உங்கள் வீட்டுக் கதவு பூட்டியிருக்கவில்லை. உங்களில் துக்க வீட்டுக்குள் மணி அடிக்காமல் போக வேண்டுமாம். உன் அம்மா பதிவான கதிரையில் இருந்தார். என் அம்மா வெள்ளைப் பூக்கள் கொண்டுபோயிருந்தா. செத்த வீட்டுக்கு நீங்கள் பூ கொண்டுபோவதில்லை என்று அங்கே போய்த்தான் தெரிந்தது. "பிழை விட்டிட்டம் பிள்ளை," என்று என் காதுக்குள் சொன்னா. உன் அம்மா அந்தப் பூக்களை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். கிளம்பும்போது நாங்கள் 'வாறன்' சொல்லவில்லை. எங்களில் சொல்வதில்லை. அங்கேயும் யாரும் விடைபெறக் காணோம்.

உன் அம்மாவிடம் அந்த ஃபோனைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

இன்று செவ்வாய். கோட்டோடு படியிறங்கினேன். அதே துணி. அதே கோணல் அட்டை. மேசைக்குப் பின்னால் தனியாக அந்தப் பெண். பல்லில் இப்போது கம்பி இல்லை. பக்கத்தில் ஒரு வெறுங்கதிரை.

என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "கேள்வி கேக்க வந்தனீங்களோ?"

"ஓம். இருந்து கேக்கிறன்."

கதிரை குளிர்ந்திருந்தது. அம்மாவின் கேள்வியைக் கேட்டேன். அவள் அதை முழுதாகத் திருப்பிச் சொன்னாள். பிறகு யோசித்தாள். அவசரப்படவில்லை.

அப்போது படியில் என் வகுப்புக்காரர் இருவர் இறங்கினார்கள். ஒருத்தி என்னைக் கண்டு நின்றாள். ஃபோன் இடப்பக்கப் பையில் இருந்தது. என் கை வலப்பக்கத்தில். கோதுகளை ஒவ்வொன்றாகத் தடவினேன். எட்டு.

மணித்தியாலம் முடிய இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. இருந்தேன்.