பதினேழாவது தூண்டுகுறிப்பு

டிச. 3, புதன்

காலை எட்டு வரை பனி. எதிர்வீட்டுக் கொய்யா மரம்கூடத் தெரியவில்லை. பால்காரரிடம் அரை லிட்டர் போதும் என்று சொல்ல மறந்தேன். இன்றும் ஒரு லிட்டர். ரெஜினா போய் இது நான்காம் நாள்.

வேலை: மதனுக்கு, எழுத்துப் பயிற்சிக்கான ஐம்பது தூண்டுகுறிப்புகள், 13ஆம் தேதிக்குள். மதன் ஓர் எஸ்டேட் பங்களாவை வாடகைக்கு எடுத்து, மலைக்குக் கீழேயிருந்து வருகிறவர்களுக்கு மூன்று நாள் ‘நினைவெழுத்து முகாம்’ நடத்துகிறவர். குளிர் அவர் பொறுப்பு, காபி சமையல்காரர் பொறுப்பு, பழைய நினைவுகளைக் கிளறிவிடுவது என் பொறுப்பு. போன வார முகாமுக்கு இருபது எழுதிக் கொடுத்தேன். அதோடு முப்பது சேர்த்துப் புத்தகமாகப் போட வேண்டுமாம்.

இன்று எழுதியவை:

21. உங்கள் வீட்டுக்கு வந்த முதல் தொலைபேசி. அதில் நீங்கள் சொன்ன முதல் பொய்.
22. நீங்கள் தொலைத்த குடை உங்களைப் பற்றி என்ன நினைக்கிறது?
23. வீட்டை விட்டுப் போனவர் எடுத்துப் போகாத பொருள்கள். பட்டியலிடுக.

23ஐ அடித்துவிட்டேன். பட்டியல் எனக்கு மட்டும்: பிரஷர் மாத்திரை. கம்பளிச் சால்வை. படிக்கிற கண்ணாடி. நான்.

டிச. 4, வியாழன்

தூறல். துணி காயவில்லை. துவைத்தது இரண்டே சட்டை.

நடந்ததை ஒருமுறையாவது அலங்காரம் இல்லாமல் எழுதிப் பார்க்கிறேன்.

திருமணமான வருடம், ஒரு மழை நாளில் மின்சாரம் போனபோது ரெஜினா ஒன்று சொன்னாள். அவளுக்கு ஒன்பது வயது இருக்கும்போது தம்பி காய்ச்சலில் இறந்துபோனான். அடக்கம் முடிந்த மறுநாள் கடும் குளிர். வீட்டில் கிழியாத ஸ்வெட்டர் அவனுடையது ஒன்றுதான். அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனாள். அவ்வளவுதான் சொன்னாள். மின்சாரம் வந்தது. நான் எழுந்து போய் ரேடியோவைப் போட்டேன். முப்பத்தொரு வருடத்தில் அந்தப் பேச்சு பிறகு வரவில்லை.

தூண்டுகுறிப்பு 17, என் கைப்பட: ‘இறந்துபோன தம்பியின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஒரு சிறுமி பள்ளிக்குப் போகிறாள். அன்று வகுப்பில் என்ன நடந்தது? முந்நூறு சொற்களுக்குள்.’

பெயர் போடவில்லை, ஊர் போடவில்லை. அதனால் நாகரிகமாக நடந்துகொண்டதாக நம்பினேன்.

முகாமில் இருபத்திரண்டு பேரும் 17ஐத்தான் தேர்ந்தெடுத்தார்கள். சனிக்கிழமை நிறைவு விழாவுக்கு ரெஜினா தான் செய்த பிளம் கேக்கோடு வந்திருந்தாள். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் தன் பதிலை வாசித்தார். அதில் தம்பி சாகவே இல்லை. வேறு ஏதோ பையனை அடக்கம் செய்துவிட்டார்கள். கடைசி வரியில் அவன் வகுப்பு வாசலில் வந்து நின்று ஸ்வெட்டரைத் திருப்பிக் கேட்கிறான். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டேதான் திரும்பிப் பார்த்தேன். ரெஜினா கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரே அளவுத் துண்டுகள். வங்கி மேலாளருக்கும் ஒன்று கொடுத்தாள்.

மறுநாள் காலை, ஞாயிறு பூசைக்குக்கூடப் போகாமல், மாரமங்கலம் பஸ் ஏறிவிட்டாள். அங்கே அவள் அக்கா ஃப்ளோராவின் வீடு. வாசலில் சொன்னது இது மட்டும்: “கேக் தட்டு அங்கயே இருக்குதுங்க. மறக்காம வாங்கிக்கங்க.”

டிச. 6, சனி

பதினான்கு முறை போன் போட்டேன். எடுக்கவில்லை. மூன்று நாளாக ரொட்டி.

மாரமங்கலத்துக்குத் தபாலைவிட பஸ் நிச்சயம். மருந்து, கோழிக்குஞ்சு, கல்யாணப் பத்திரிகை எதைக் கொடுத்தாலும் கண்டக்டர் இன்ஜின் மேல் வைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். வாய்ச்சேதியும் போகும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. பஸ்ஸில் இருப்பவர்கள் கேட்டுத் திருத்திக் கொடுப்பார்கள்.

மாத்திரை, சால்வை, கண்ணாடி, நான்கு பக்கக் கடிதம். பொட்டலத்தைக் கண்டக்டர் செல்வத்திடம் கொடுத்தேன்.

“என்னன்னு சொல்றதுங்க சார்?”

“தப்பு என்மேலதான்னு சொல்லுங்க.”

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. “கேக்கலீங்க!”

“தப்பு என்மேல!”

பஸ் முழுவதும் திரும்பியது. முன் சீட்டில் முட்டைக்கோஸ் மூட்டையோடு ஒரு அம்மாள்: “அப்படிச் சொன்னாப் பொம்பளைங்க வர மாட்டாங்க சாமி. ஒடம்பு சொகமில்லீன்னு சொல்லியுடுங்க.”

பின்னாலிருந்து ஒரு குரல்: “அது பொய்யில்லீங்களே. ஆளப் பாத்தாவே தெரியுதே.”

டிச. 7, ஞாயிறு

பஸ் ஸ்டாண்டில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். சுற்றுலாக் கூட்டம். எல்லோரும் மூடுபனியோடு படம் எடுத்துக்கொண்டார்கள். மூன்று பேர் படத்தில் பின்னணியாக இருக்கிறேன்.

செல்வம் இறங்கி வந்தார். “மாத்திரைய மட்டும் எடுத்துக்கிட்டாங்க சார். மித்ததையெல்லாம் திருப்பிக் குடுத்துட்டாங்க.” கடிதம் ஒட்டியது ஒட்டியபடி.

“ஏதாவது சொன்னாளா?”

“சொன்னாங்க. சொல்லட்டுங்களா?”

“சொல்லுங்க.”

“‘இருவத்திரண்டு பேர்த்துகிட்டக் கேட்டாரு. எங்கிட்ட ஒரு நாளாவது கேட்டாரா?’ அப்படின்னாங்க.” குரலைத் தணித்தார். “ஏனுங்க சார், அவங்களக் கேக்காம ஊட்ட கீது வித்துப் போட்டீங்களா?”

இல்லை என்றேன். முழு உண்மை என்று சொல்ல முடியாது.

டிச. 9, செவ்வாய்

குளிர். விரல் மடங்கவில்லை. 38 வரை வந்திருக்கிறேன். படித்துப் பார்த்தால் நான்கில் மண்ணெண்ணெய் விளக்கு, மூன்றில் மழை வாசனை. முகாமுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே சமையலறையில் வளர்ந்தவர்கள் என்று கேலி செய்திருக்கிறேன். அடுக்குமாடியின் ஏழாவது தளத்தில் பிறந்தவருக்கும் விறகுப் புகையில் கண் எரிந்திருக்கும். அந்தச் சமையலறையை அவர்களுக்குக் கட்டிக் கொடுத்தவன் நான்தான்.

சொந்த நினைவு ஒன்றைத் தேடிப் பார்த்தேன். அம்மாவின் காது மந்தம்: பத்திரிகையில் வந்துவிட்டது. அப்பா சைக்கிள் பழகியது: இரண்டு முறை வந்தது. என் முதல் வேலை, சொத்தைப் பல், மாமனாரின் சாவு, எல்லாம் அச்சில். முப்பது வருடப் பத்தி எழுத்தில் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. என்னுடையது தீர்ந்ததும் அவளுடையதில் கை வைத்திருக்கிறேன்.

அவள் காட்டெருமையைக் கண்டு பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் பின்னால் ஒளிந்ததைக்கூட எழுதினேன். ‘படித்துவிட்டு அவளும் சிரித்தாள்’ என்று முடித்திருக்கிறேன். சிரித்தாளா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். நான் எழுதியதுதான் நினைவிருக்கிறது.

குக்கர் மூன்று விசில் வரும்வரை அழுதேன். பருப்பு வேகவில்லை.

டிச. 10, புதன்

ஃப்ளோரா அக்கா போனை எடுத்தார்கள்.

“அவ காப்பிப்பழம் பறிக்கப் போயிருக்கறாளுங்க மாப்பிள்ளை. கிறிஸ்துமஸ் இங்கதான்னு சொல்லிட்டா.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் பொங்கல் வருதுங்களே.”

“அப்புறம்?”

“அப்புறம் ஈஸ்டருங்க. பண்டிகைக்கா பஞ்சம்?” பிறகு, “நொம்ப எளச்சுட்டாளுங்க” என்றார்கள். வைத்துவிட்டார்கள்.

மாலை மதன். “சார், பதினேழுதான் புக்கோட உயிரே. அட்டையிலேயே போடறோம். சின்ன ஸ்வெட்டர், காலி பெஞ்ச். படம் ரெடி.”

எடுத்துவிடுங்கள் என்றேன். ஏன் என்றார். அது என் மனைவியுடையது என்று ஒரு வரி. வாய் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஊரையெல்லாம் கோழைகள் என்று எழுதிய கை.

மழைத் தெருவில் எல்லா வீட்டிலும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம். எங்கள் வீடு மட்டும் இருட்டு. பக்கத்து வீட்டம்மா: “இந்த வருசம் நட்சத்திரம் கட்டலீங்களா? ஏதாச்சும் துக்கமுங்களா?”

டிச. 12, வெள்ளி

காலை பஸ். செல்வம் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். முட்டைக்கோஸ் அம்மாள் மூட்டையைத் தள்ளி இடம் விட்டார். பின்னால் யாரோ யாரிடமோ: “இன்னைக்கி பொட்டலமே நேர்ல போவுது.”

ஃப்ளோரா அக்கா வீட்டுக் களத்தில் காபிப்பழம் காய்ந்துகொண்டிருந்தது. ரெஜினா பலகையால் வரிவரியாகக் கிளறிக்கொண்டிருந்தாள். இளைத்துத்தான் இருக்கிறாள்.

“தட்டு வாங்கினீங்களா?”

“இல்ல.”

“தெரியும்.”

சட்டைப் பையில் எழுதிவைத்திருந்த மூன்று பத்தி இருந்தது. அதில் ஒரு வாக்கியம் நன்றாகவே வந்திருந்தது. எடுக்கவில்லை.

“அன்னிக்கு வகுப்புல என்ன நடந்துச்சு, ரெஜி?”

ஒரு வரி முழுவதும் கிளறி முடித்தாள். அடுத்த வரியும்.

“முந்நூறு வார்த்தைக்குள்ளயா?”

“எவ்வளவானாலும்.”

“எழுதறதுக்கா?”

“இல்ல.”

“பையில என்னங்க அது?”

பேனா. கையை நீட்டினாள். கொடுத்தேன். வாங்கிப் பழக் குவியலில் செருகிவிட்டு, களத்துச் சுவரில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

சொன்னாள். ஒரு மணி பஸ் போய்விட்டது. மூன்றரை பஸ்ஸும் போய்விட்டது. நடுவில் ஃப்ளோரா அக்கா இரண்டு டம்ளர் காபி வைத்துவிட்டுப் போனார்கள். அது ஆறியது. நான் குறுக்கே பேசவில்லை. இதை முன்பு எப்போதாவது செய்திருக்கிறேனா என்று தெரியவில்லை.

என்ன சொன்னாள் என்பது இங்கே இல்லை.

கடைசி பஸ்ஸுக்கு எழுந்தபோது வருகிறாயா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பாள் என்று பயம். பஸ் திரும்பும்போது செல்வத்திடம் ஓடிவந்து ஏதோ சொன்னாள். நான் நான்கடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். செல்வம் பஸ் முழுக்கக் கேட்கும்படி என்னிடம் ஒப்பித்தார்: “பரண்மேல இருக்கற நட்சத்திரத்த எறக்கிப் பாப்பீங்களாம். ஒயர எலி கடிச்சிருக்குமாம்.”

முட்டைக்கோஸ் அம்மாள் யாரையும் பார்க்காமல் ஜன்னலைத் துடைத்தார்.

டிச. 13, சனி

வெயில். இதைப் பென்சிலில் எழுதுகிறேன். பேனா களத்தில்.

மதனுக்கு அனுப்பிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் போன். “சார், பதினாறுக்கு அடுத்து பதினெட்டு இருக்கு.”

“ஆமாம்.”

“அட்டை ரெடியாயிடுச்சே சார்.”

“அது என் மனைவியோடது. கேக்காம எடுத்துட்டேன்.”

“அவங்ககிட்ட நான் வேணா பேசட்டுமா?”

வேண்டாம் என்றேன். கேக் தட்டை மட்டும் கொடுத்தனுப்பச் சொன்னேன்.

நட்சத்திரத்தை இறக்கினேன். ஒயரில் இரண்டு இடத்தில் எலி. டேப் வாங்கிச் சுற்றினேன். எரிகிறது. கட்டவில்லை, ஏணியை நான் பிடிக்க அவள் ஏறிக் கட்டுவதுதான் வழக்கம்.

பால்காரர் செம்பைப் பிடித்துக்கொண்டே கேட்டார், “ஏனுங்க, அம்மா ஊர்ல இல்லீங்களாமா. அரை போதுமுங்களா?”

“ஒண்ணே ஊத்துங்க.”